பூனைகளுக்கு ஒரு காப்பகம்: அலெப்போ சொல்லும் நிதிக் கணக்கு

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சைக்கிளில் எதைக் கட்டினோம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லும்போது பலருடைய கதையில் ஒரு பூனையும் வரும். நாய் கொஞ்சத் தூரம் பின்னால் ஓடி வந்திருக்கும். பூனை வராது. அது வீட்டோடு நிற்கும் பிராணி. வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்திலும் இதுதான் நடந்தது. திரும்பி வந்தபோது வீடு இருந்தவர்களுக்கும் பூனை இருக்கவில்லை.

வீதியில் விடப்பட்ட குட்டிகளை எடுத்து வளர்க்கும் ஆட்கள் இன்று வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தனியாட்கள். வீட்டின் பின்பக்கத்தில் கம்பி வலை அடித்து, பத்துப் பதினைந்து பூனைகளைச் சொந்தச் சம்பளத்தில் பார்ப்பவர்கள். மாதக் கடைசியில் கடைக் கொப்பியில் கடன் ஏறிவிடும். இப்படியான ஒரு சிறு காப்பகத்துக்கு எப்படிப் பணம் சேர்ப்பது, சேர்த்த பணத்தை எப்படிக் காப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். இதற்கு உதாரணமாக ஒரு செல்வந்த நாட்டை எடுப்பதைவிட சிரியாவின் அலெப்போவை எடுப்பது எங்களுக்குப் பொருந்தும்.

அலெப்போவின் மின்தொழிலாளி

முகமத் அலா அல்ஜலீல் ஒரு மின்தொழிலாளி. 2012 ஜூலையில் யுத்தம் அலெப்போ நகருக்குள் வந்தபோது அவர் அம்புலன்ஸ் சாரதியானார். குண்டு விழுந்த இடங்களுக்குப் போய்க் காயப்பட்டவர்களை ஏற்றினார். சனம் வெளியேற வெளியேற, அவர்கள் விட்டுச்சென்ற பூனைகள் மசாக்கின் ஹனானோ என்ற குடியிருப்புப் பகுதியில் அவரைச் சுற்றிச் சேர்ந்தன. 2014 செப்டெம்பரில் ரொய்ட்டர்ஸ் வெளியிட்ட படங்கள் அவரை உலகுக்குக் காட்டின. அப்போது அவர் ஏறத்தாழ 150 பூனைகளுக்காக நாளொன்றுக்குச் சுமார் நான்கு டொலருக்கு இறைச்சி வாங்கிக்கொண்டிருந்தார். அது முழுக்க அவருடைய கைக்காசு.

அந்தச் செய்தியைப் பார்த்து இத்தாலியில் வாழ்ந்த ஒரு பெண் அவரோடு தொடர்புகொண்டார். ‘அலெப்போவின் பூனைக்காரர்’ என்று பொருள்படும் இத்தாலியப் பெயரில் முகநூல் குழு ஒன்று உருவானது. பல நாட்டவர்கள் சிறிய சிறிய தொகைகளாகக் கொடுத்தார்கள். காப்பகத்துக்கு எர்னெஸ்ரோ என்ற பெயர் வைக்கப்பட்டது. அது அந்தப் பெண் வளர்த்து இறந்துபோன பூனையின் பெயர். வந்த பணத்தில் தீனி மட்டும் வாங்கப்படவில்லை. மின்பிறப்பாக்கி வாங்கினார்கள், கிணறு தோண்டினார்கள், முற்றுகைக்கு முன்னரே உணவுப் பொருட்களைச் சேமித்தார்கள். பக்கத்துப் பிள்ளைகள் விளையாட ஒரு இடமும் அமைத்தார்கள்.

இந்தக் கடைசி விடயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். “மனிசருக்கே சாப்பாடு இல்லை, பூனைக்கு என்ன காசு?” என்ற கேள்வி எங்கள் ஊரில் கட்டாயம் வரும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயும், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் கிடக்கும் முன்னாள் போராளியும் வாழும் ஊரில் அது நியாயமான கேள்விதான். கேட்பவரைக் கோபிக்கக் கூடாது. அலா அந்தக் கேள்விக்கு விவாதம் செய்து பதில் சொல்லவில்லை. அதே கிணற்றுத் தண்ணீர் அயலுக்கும் உதவியது, பூனை பார்க்க வந்த பிள்ளைகள் அங்கேயே விளையாடினார்கள். அவர் பகலில் காயப்பட்ட மனிதர்களை ஏற்றியவர் என்பதால் அவரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வந்திருக்காது. அயலுக்குப் பயன்படாத காப்பகம் அயலின் எதிர்ப்பில் மூடப்படும். மணமும் சத்தமும் பற்றிய முறைப்பாடு ஒன்றே போதும்.

2016 நவம்பரில் அந்தக் காப்பகம் குண்டுவீச்சுக்கும் குளோரின் வாயுத் தாக்குதலுக்கும் உள்ளானது. பல பூனைகள் செத்தன, பல சிதறி ஓடின. டிசெம்பரில் கிழக்கு அலெப்போ வெளியேற்றப்பட்டபோது, மிஞ்சியவற்றில் கொண்டுபோகக் கூடியதைக் கொண்டு அலாவும் வெளியேறினார். 2017இல் நகருக்கு மேற்கே கஃப்ர் நாஹா என்ற ஊரில் காப்பகம் மறுபடி கட்டப்பட்டது. இம்முறை மிருக வைத்திய நிலையமும் சேர்ந்திருந்தது. 2020 தொடக்கத்தில் அந்தப் பக்கமும் யுத்தத்தில் விழ, மீண்டும் இத்லிப் பக்கம் இடம்பெயர்வு. 2023 பெப்ரவரி நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளுக்குள் இருந்து பிராணிகளை மீட்டவர்களில் இந்தக் காப்பகத்தாரும் இருந்தார்கள்.

இத்தனை முறை அழிந்தும் நிதி வற்றாததற்குக் காரணம், கொடுத்தவர்களுக்குக் காப்பகம் தொடர்ந்து தெரிந்துகொண்டே இருந்ததுதான். இந்தப் பூனை சாப்பிட்டது, அந்தப் பூனை செத்துப்போனது என்று கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொன்னார்கள்.

கணக்கை முதலில் போடுங்கள்

பணம் கேட்கும் முன் எவ்வளவு என்று தெரிய வேண்டும். வளர்ந்த பூனை ஒன்றுக்கு உலர் தீனி என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம். இருபது பூனைக்கு 1.2 கிலோ, மாதத்துக்கு 36 கிலோ. உங்கள் ஊர்க் கடை விலையால் அதைப் பெருக்கினால் திகைப்பு வரும். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பின், இறக்குமதித் தீனியை மட்டும் நம்பி இங்கே காப்பகம் நடத்த முடியாது. சூடை, கீரி, மீன் தலை என்று சந்தையில் மலிவாகக் கிடைப்பதை அவித்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைவதுதான் நடைமுறை. பச்சையாகக் கொடுக்க வேண்டாம். சில மீன்களில் உயிர்ச்சத்து பி1 ஐ அழிக்கும் பொருள் உண்டு, அவித்தால் அது போய்விடும். சோறு கூடி மீன் குறைந்தால் பூனை வயிறு நிறைந்தும் மெலியும். அது இறைச்சி தின்னும் பிராணி.

ஆனால் தீனி பெரிய செலவு அல்ல. கருத்தடைதான் முதற்செலவாக இருக்க வேண்டும். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும், சினைக்காலம் ஒன்பது வாரமளவு, ஈற்றுக்கு நான்கு குட்டி சாதாரணம். பால் குடிக்கும் குட்டி இருக்கும்போதே திரும்பவும் சினைப்படும். கருத்தடை செய்யாத காப்பகத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினாலும் ஒரு வருடத்தில் அது போதாது. எனது அபிப்பிராயத்தில், நிதி கேட்கும் ஒரு காப்பகத்திடம் கொடுப்பவர் கேட்க வேண்டிய முதலாவது கேள்வி எத்தனை பூனை இருக்கிறது என்பதல்ல, அதில் எத்தனைக்குக் கருத்தடை முடிந்தது என்பதே.

அடுத்தது நோய். பூனைகளின் பார்வோ எனப்படும் தொற்று வந்தால் குட்டிகள் ஒரு கிழமைக்குள் வரிசையாகச் சாகும். அந்தக் கிருமி நிலத்தில் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். புதிதாக வரும் பூனையை இரண்டு கிழமை தனியாக வைப்பதற்கு ஒரு சிறு அறை, தரை கழுவக் குளோரின் கரைசல், தடுப்பூசி ஆகிய மூன்றையும் மாதச் செலவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியும் அப்படித்தான். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம்.

பணம் வரும் வழி

அம்ஸ்ரடாம் நகரில் கால்வாயில் மிதக்கும் படகொன்றில் பூனைக் காப்பகம் இருக்கிறது. 1966இல் ஹென்ரியற்றா வான் வீல்டே என்ற பெண் தன் வீட்டுக்கு எதிரே கண்ட ஒரு பூனையையும் குட்டிகளையும் உள்ளே எடுத்ததில் தொடங்கியது. வீடு நிறைந்தது, 1968இல் பழைய படகொன்றை வாங்கினார். சட்டப்படி அமைப்பாகப் பதிந்தது 1987இல்தான். ஏறத்தாழ இருபது வருடம் ஒரு பெண்ணின் நல்ல பெயரில் மட்டும் ஓடியிருக்கிறது. பார்க்க வருபவர்கள் போடும் காசு அதன் வருமானங்களில் ஒன்று.

ரோமில் தொறே அர்ஜென்ரீனா இடிபாடுகளுக்குள் இருக்கும் காப்பகம் இன்னொரு வழியைக் கையாள்கிறது: தூரத்திலிருந்து தத்தெடுத்தல். பூனையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர் ஒரு குறிப்பிட்ட பூனையைத் தனதாக ஏற்று ஒழுங்காகப் பணம் அனுப்புகிறார். கண் தெரியாத, கால் இல்லாத பூனைகளுக்கு இந்த வழி மிகவும் உதவும், ஏனென்றால் அவற்றை யாரும் வீட்டுக்கு எடுப்பதில்லை. ரொரன்ரோவிலோ லண்டனிலோ அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் இது பொருந்தும். ஒரேயடியாக வரும் பெரிய தொகையைவிட, மாதாமாதம் வரும் பத்துப் பவுண் காப்பகத்தை நிம்மதியாக நித்திரை கொள்ள விடும்.

ஆனால் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். கோஃபண்ட்மீ போன்ற தளங்கள் குறிப்பிட்ட சில நாடுகளின் வங்கிக் கணக்குகளுக்கே பணம் விடும், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. பேபால் கணக்கிலும் இலங்கையில் இருந்து செலுத்தலாம், பெறுவதற்கு நெடுங்காலமாக வழியில்லை. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் சேர்த்து இங்கே அனுப்ப வேண்டும். அலெப்போவுக்கும் வெளியில் இருந்தவர்கள்தான் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் முழுத் திட்டமும் தங்கியிருக்கிறது. அவர் இங்கே பணம் அனுப்பிய வங்கிச் சீட்டையும் காப்பகம் பெற்றுக்கொண்ட சீட்டையும் ஒரே இடத்தில் போட வேண்டும். உண்டியல் மூலம் அனுப்புவது மலிவு, விரைவு, வீட்டுக்குக் காசு அனுப்பப் பலர் பாவிப்பதும் அதுதான். பொதுப்பணத்துக்கு அது வேண்டாம். தடயம் இல்லாத பணத்தைப் பற்றி நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் காட்ட ஒன்றும் இராது, அதிகாரிகள் கேட்டால் அதைவிட மோசம். பிரித்தானியாவில் அங்கீகரிக்கப்பட்ட அறநிலையம் ஒன்றின் ஊடாகச் சேர்த்தால், வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். அந்த வசதிக்காகவே ஏற்கெனவே பதிந்த அமைப்பொன்றோடு பேசிப் பார்ப்பது நல்லது.

எங்கள் சனம் கொடுத்துப் பழகிய சனம். கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டும், சில காலங்களில் பயந்தும் பழகிய சனம். புலம்பெயர் நாடுகளில் எத்தனையோ சேகரிப்புகளுக்குப் பற்றுச்சீட்டும் இல்லை, முடிவும் தெரியாது. அதனால் பூனைக்குக் கேட்டு வருபவர் மேல் விழும் சந்தேகம் பூனையால் வந்ததல்ல. அதை நீக்க ஒரே வழி, கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுவது. மாதம் ஒரு தாள்: வந்தது, போனது, மிச்சம், கடைக் கடன். மீன் வாங்கிய துண்டுக்குக் கூடப் படம்.

இங்கே உள்ள பணத்துக்கு, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு வேண்டும். காப்பகத்தை நடத்துபவரின் சொந்தச் சேமிப்புக் கணக்கு வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. அவர் நாளை நோயில் விழுந்தால் பூனைகளின் சாப்பாடு அந்தக் கணக்கோடு முடங்கும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டம்தான் இங்கே பதிவுக்கான அடிப்படை. சிறிய ஊர் அமைப்பு என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பதிவு செய்தால் புலனாய்வுக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள் என்று தயங்குபவர்கள் உண்டு, அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் பதிவில்லாமல் வெளிநாட்டுப் பணம் பெறுவது அதைவிடக் கூடுதலான கேள்விகளைக் கொண்டுவரும்.

பணம் அல்லாத கொடைகளையும் கேட்கலாம். மீன் சந்தையில் மாலையில் மிஞ்சுவது, பழைய துவாய், அச்சகத்தில் கழிக்கும் தாள், தச்சுப் பட்டறை மரத்தூள். மாதம் ஒருநாள் வந்து கருத்தடை செய்யச் சம்மதிக்கும் மிருக வைத்தியர் ஒருவர் கிடைத்தால், அது எந்த நன்கொடையையும்விடப் பெரிது. அவருக்கு மருந்துச் செலவையாவது தவறாமல் கொடுத்துவிடுங்கள். இலவசம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றாம் மாதம் வரமாட்டார்.

ஒரு செலவை எவரும் எழுதுவதில்லை. காப்பகத்தில் எத்தனை பூனையோ, அத்தனைக்கும் போதுமான தூக்கும் கூடுகள். பழையதாக இருந்தாலும் போதும், ஒரு கூட்டுக்குள் இரண்டை வைத்தாலும் போதும். வெள்ளம் வந்தாலும், காணிக்காரர் எழும்பச் சொன்னாலும், வேறு எது வந்தாலும், அன்றைக்கு வாங்க முடியாத பொருள் அதுதான். கூட்டின் மேல் பூனையின் பெயரையும், அதைப் பொறுப்பெடுக்கச் சம்மதித்தவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.