ஊர்ப் பொதுவும் நம் உரிமையும்

திருச்சுழி என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று திருமேனிநாதர் திருக்கோயில். மற்றொன்று 1879ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்த இரமண மகரிசி. குண்டாற்றங்கரையில் அமைந்த இவ்வூரையும், இதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, நரிக்குடி வட்டாரச் சிற்றூர்களையும் குறித்து எழுதியோர் பெரும்பாலும் கோயிலையும் சமீனையுமே எழுதினர். ஊரோரத்தில் வெறுமனே கிடக்கும் பொட்டலைப் பற்றி எழுதியவர் அரியர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பொட்டலின் வரலாற்றையே எழுத முற்படுகிறோம். படிப்பைப் பேச வேண்டிய மலரில் விளையாட்டிடத்துக்கு என்ன வேலை என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நமக்கு எழுத்தை மறுத்த அதே கைகளே பொது இடத்தையும் மறுத்தன என்பதைக் கீழே காண்பார்கள்.

கரிசல் ஊருக்குக் கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, களம் உண்டு, மந்தை உண்டு. மந்தையில் ஊர்க்கூட்டம் கூடும், வழக்குத் தீரும், கூத்து நடக்கும். நம் முன்னோர் அங்குப் பணி செய்யப் போனதுண்டு. அமர்ந்து பேசப் போனதில்லை. நம் பிள்ளைகளுக்கு வாய்த்த மைதானம் கண்மாயின் உள்வாயே. பங்குனியில் நீர் வற்றி, களிமண் இறுகிய பின்னர்க் கபடியும் கிட்டிப்புள்ளும் அங்கே நடக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும். சீமைக்கருவேல் பரவிய பின்னர் அந்தக் கோடைக்கால மைதானமும் முள்ளுக்குள் போயிற்று.

இப்பொது நிலங்கள் யாருடையவை? திருச்சுழி, இராமநாதபுரம் சமீனுக்கு உட்பட்டிருந்த பகுதி. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் வயல்களைப் பற்றியது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஊர்ப் பொது நிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம் ஆகிய அனைத்தும் அரசைச் சேரும் என்று அச்சட்டம் தெளிவாகவே கூறிற்று. சட்டத்தின் கண்ணுக்கு அன்று முதல் பொட்டல் எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஊரின் கண்ணுக்கு அவ்வாறு ஆகவில்லை.

அதற்கு முன்னரே நம் தலைவர்கள் இதற்காக வாதாடியுள்ளனர். 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றுக்குத் தாழ்த்தப்பட்டோரும் பிறரைப் போலவே செல்லலாம் என்பது அதன் சாரம். 1938இல் எம். சி. இராசா முயற்சியால் குடியியல் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று பெயர் சொல்லியே காத்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் பிறந்தது. 1976இல் அது குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது.

தாள்களில் இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, தரையில் நடந்தது என்ன? 1930 திசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். ஆறே திங்களில், 1931 சூனில், அவை பதினொன்றாயின. அட்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி தம் நூலில் இவற்றைப் பதிந்துள்ளார். பொன், வெள்ளி நகை அணியலாகாது, சட்டை அணியலாகாது, குடையும் செருப்பும் கூடா, மண்கலமே புழங்க வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. அவற்றுள் ஒன்றை நம் சங்கத்தார் மறக்கலாகாது: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பதே அது. நம் பிள்ளை பொட்டலுக்குப் போகலாம், மாட்டின் பின்னால். இச்சூழலில் சீனிவாசனாரின் தீர்மானம் எத்தனை மந்தைகளை எட்டியிருக்கும் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம்.

விளையாட்டுத் தரையின் கதை எங்கும் இதுதான். பல்வங்கர் பாலு என்னும் பந்து வீச்சாளரை நம் இளைஞர் பலர் அறியார். 1876இல் பிறந்த இவர், புனேயில் வெள்ளையர் சங்கத்தின் ஆடுகளத்தை உருட்டியும் பெருக்கியும் பிழைத்தவர். வெள்ளையருக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்தார். பின்னர் இந்துக்கள் அணியில் சேர்ந்தபோது, களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்ட உடன் ஆட்டக்காரர்கள், இடைவேளையில் அவருக்கு மண்குவளையில் கூடாரத்துக்கு வெளியே தேநீர் கொடுத்தனர். 1911இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் எடுத்தார் அவர். அவருடைய தம்பி விட்டல், 1923இல் அதே இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். தரையைப் பண்படுத்தும் கையும் தரையை ஆளும் கையும் வேறு வேறாய் இருந்த காலத்தை இக்குடும்பம் ஒரே தலைமுறையில் கடந்தது. நம் கரிசல் ஊர்களுக்கு அது வாய்க்கவில்லை.

இனி, நாம் குடியிருக்கும் காலனிகளைப் பார்ப்போம். வீட்டுமனைக்கு நிலம் எடுக்க 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதனால் பயன் பெற்ற குடும்பங்கள் ஏராளம், நன்றியுடனேயே கூறுகிறோம். ஆயினும் மனை பிரித்த வரைபடத்தைப் பாருங்கள். மூன்று சென்டு, மூன்று சென்டு என்று கட்டம் கட்டமாய் இருக்கும். நடுவே தெரு ஓடும். பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள், முதியோர் எங்கே அமர்வார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர் எங்கே நிற்பார்கள் என்ற வினாக்களை வரைந்தவர் எழுப்பவில்லை. குடியேறப் போகிறவர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

பின்னர் வந்த திட்டங்கள் இக்குறையை ஓரளவு கண்டுகொண்டன. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், 12,618 ஊராட்சிகளுக்கும் ஊராட்சி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் என்ற கணக்கில் நூலகம், விளையாட்டிடம், குளம், சுடுகாடு ஆகியவற்றைச் சீர்செய்ய முனைந்தது. ஊராட்சி ஒன்று, அதனுள் குடியிருப்புகளோ பல. விளையாட்டிடம் எந்தக் குடியிருப்பின் அருகில் அமைகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. ஊருக்குள் அமைந்தால் நம் பெண்பிள்ளைகள் அங்குப் போய் வளையப்பந்து ஆடுவார்களா? சட்டப்படி தடையில்லை. ஆனாலும் போகமாட்டார்கள். இடத்தைத் தேர்ந்த அன்றே இது முடிவாகிவிடுகிறது.

ஆகவே நம் வரலாற்றில் இரண்டு உரிமைகள் உள்ளன. பொது இடத்துக்குள் நுழைவது ஒன்று. அந்த இடம் எங்கே, எப்படி அமைய வேண்டும் என்று சொல்வது மற்றொன்று. முன்னதற்கு நூறாண்டுக் கதையுண்டு. பின்னதற்கு வயது குறைவு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994உம் கிராம சபையையும் தனித் தொகுதிகளையும் தந்தன. 1996இல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களோடு, நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும், தாழ்த்தப்பட்டவர் தலைவராய் அமர்ந்து பணியாற்ற இயலாத நிலை பத்தாண்டுகள் நீடித்தது. 2006இல்தான் அக்கதவு திறந்தது. அப்பத்தாண்டுகளில் அவ்வூர்களின் பொது நிலத்தைப் பற்றித் திட்டமிட யார் இருந்தார்?

அதே ஆண்டுகளில் வேறு இரண்டு முயற்சிகள் நடந்தன. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின் அரசு சமத்துவபுரங்களை அமைத்தது. முதலாவது, திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டு 17ஆம் நாள் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடருக்கு. பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, ஏனையோர்க்குப் பத்து. பூங்காவும் விளையாட்டிடமும் பொது. உயர்ந்த நோக்கம்தான். எனினும் எல்லாம் வரைந்து கட்டி முடித்த பின்னரே மக்கள் வந்து குடியேறினர்.

திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் வேறு வழியில் சென்றது. அவ்வூரில் பிறந்த இளங்கோ, வேதிப் பொறியியல் படித்தவர்; நம் சமூகத்தவர்; 1996இல் ஊராட்சித் தலைவரானார். கிராம சபையைக் கூட்டி, ஊராரிடமே கேட்டுத் திட்டம் தீட்டினார். கல் மெருகேற்றும் ஆலைகள் கழித்த கற்களைக் கொண்டு சாக்கடை கட்டியபோது, விதிமுறை மீறினார் என்று அவரை இடைநீக்கம் செய்தனர். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. பதவி திரும்ப வந்தது. அங்கே எழுந்த சமத்துவபுரத்தில் ஐம்பது இரட்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் பிற சாதிக் குடும்பம். ஊரிலேயே அழுத்திச் செய்த மண்கற்களால் சுவர் எழுப்பினர். சுவர் பொதுவான பின் முற்றத்தைப் பிரிப்பது எளிதன்று. மேலக்கோட்டையைக் குறைத்துச் சொல்ல நாம் இதனைக் கூறவில்லை. கேட்டுச் செய்ததற்கும் கேளாமல் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்துக் காட்டுகிறோம்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், 1947ஆம் ஆண்டு ஆல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர் ஒரு சதுக்கத்தில் சிறு விளையாட்டிடம் அமைத்தார். கற்காரை விளிம்பு கட்டிய மணற்குழி, தாவ உருளைக்கற்கள், தொங்க இரும்புக் கம்பிகள்; அவ்வளவே. அதைக் கண்ட அக்கம்பக்கத்தார் தங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதலாயினர். இன்ன மூலையில் காலி மனை கிடக்கிறது என்று இடத்தையும் அவர்களே சுட்டினர். முப்பது ஆண்டுகளில் இத்தகைய இடங்கள் எழுநூறுக்கு மேல் பெருகின. செல்வ நாடு என்று நாம் நினைக்கும் ஊரில் செலவு குறைந்த பொருளே பயன்பட்டது. நம் பக்கத்திலோ, நூறடிக்குப் புல்தரையும் நீரூற்றும் வரைந்த திட்டம் வருகிறது. சித்திரை வெயிலில் புல் கருகி, நீரூற்றுத் தொட்டியில் ஆடு படுத்திருக்கும். வேம்பும் பூவரசும் புங்கமும் நட்டு, நிழலில் திண்ணை கட்டச் சொல்லும் அறிவு நம் பாட்டிமாரிடம் உண்டு. கேட்பார் இல்லை.

கிராமத்தை நம்பாதே என்று அண்ணல் அம்பேத்கர் எச்சரிக்கவில்லையா என்று இளைஞர் கேட்பர். எச்சரித்தார். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்தோரை மறுத்துக் கடுமையாகவே பேசினார். மந்தையில் நமக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் அப்பேச்சைத் தள்ளமாட்டார். ஆயினும் அன்றைய ஊர்க்கூட்டம் வேறு, இன்றைய கிராம சபை வேறு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும், ஆணும் பெண்ணும், இதன் உறுப்பினர். 500 பேருக்கு உட்பட்ட ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். சபையைக் குடியிருப்புதோறும் சுழற்சி முறையில் கூட்டவேண்டும் என்றும் விதியுண்டு. நம் காலனியிலும் கூட்டச் சொல்லி நாம் கேட்கலாம். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்ந்துள்ளன. அண்ணலின் அச்சத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. அந்த அச்சத்தோடேயே போய் முன்வரிசையில் அமரலாம்.

போகுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. தெருவில் கோலப்பொடியால் காலனியின் வரைபடத்தை இட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குச் சபையில் வாக்கில்லை, விளையாட்டிடமோ அவர்களுடையது. எந்தப் புல எண் என்ன வகைப் புறம்போக்கு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் பார்க்க வேண்டும். கண்மாய் உள்வாயைக் கேட்கலாகாது. நீர்நிலையில் எதுவும் அமைத்தல் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாய் உள்ளன. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி அவற்றை ஊராருக்கே மீட்டுத் தரவேண்டும் என்று 2011 சனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, களப் புறம்போக்கை வேலியிட்டுக் கொண்டவரிடம் பேசும்போது நமக்குத் துணையாகும். 2021இல் மீண்டும் தொடங்கிய நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒன்று. நம் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒன்று. கூலிக்காரருக்கு ஐந்தில் ஒன்றும் பெருஞ்சுமையே. பணம் தந்தவர் சொல்லே மேலோங்கும் ஆபத்தும் இதில் உண்டு. பங்குத்தொகையை ஒருவரே கட்ட முன்வந்தால் பணிவுடன் மறுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதே நம் கருத்து.

சபை முடிந்ததும் தீர்மானப் பதிவேட்டில் பலர் அவசரமாய்க் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். நம் சங்கத்தில் படித்து வந்த பிள்ளைகள் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் எழுந்து, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லட்டும். இடத்தின் புல எண், மரங்களின் பெயர், விளக்கு எங்கே, பெண்பிள்ளைகளுக்கு எந்த நேரம் என்பன எல்லாம் அதில் வந்துள்ளனவா என்று பார்த்த பின்னர்க் கையெழுத்து இடட்டும். தீர்மானத்தின் படி ஒன்று நம் சங்க நூலகத்துக்கும் வந்து சேரட்டும்.