ஆசிரியர்களை வளர்த்த அதிபர்

பள்ளிக்கூடம் கட்டுவதில் நம் சமுதாயம் பின்தங்கியதில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியே அதற்குச் சாட்சி. ஆனால் கட்டடம் எழுந்த பிறகு, அதற்குள் ஆசிரியர்கள் ஊக்கத்தோடு இருக்க என்ன வழி? கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் வரலாறு இதற்கு நல்ல பதில் தருகிறது.

அறிஞர் சித்திலெவ்வை, வாப்பிச்சி மரிக்கார் போன்றோரின் முயற்சியால் 1892-இல் மருதானையில் உருவான பாடசாலை அது. 1921-இல் பொறுப்பேற்ற டி.பி. ஜாயா, 27 ஆண்டுகள் அதிபராக இருந்து அதைப் பெரிய கல்லூரியாக்கினார். தலைமையாசிரியரை இலங்கையில் அதிபர் என்றே சொல்வார்கள். 1948-இல் ஜாயாவின் இடத்துக்கு வந்தவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911-இல் பிறந்த அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்நாளில் அதைவிடப் பெரிய அரசாங்க உத்தியோகம் அங்கே கிடையாது. கல்முனையில் அதிகாரியாக இருந்தபோதே 1942-இல் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைத்தார். 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். பிறகு அந்த உத்தியோகத்தையே விட்டுவிட்டு, ஒரு பள்ளியின் அதிபராக வந்து அமர்ந்தார். ஆசிரியர் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்ய முடியும்?

ஸாஹிரா பரீட்சைக்குத் தயார் செய்யும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது, சமுதாயத்தின் அறிவு மையமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தாமும் எழுதினார், அவருடைய 'இலங்கையில் இஸ்லாம்' 1963-இல் வெளிவந்தது. அங்கே தமிழ் கற்பித்த ம.மு. உவைஸ், பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியரானார். கரவெட்டியைச் சேர்ந்த இந்துத் தமிழரான கார்த்திகேசு சிவத்தம்பி, ஸாஹிராவில் படித்து அங்கேயே ஆசிரியராகி, பிற்காலத்தில் உலகறிந்த தமிழறிஞரானார். திறமை இருந்த இடத்தில் மதம் குறுக்கே நிற்கவில்லை.

வியாபாரிகளான நமக்கு ஒரு கணக்கு புரியும்: கடைக்கு முதல் போட்டால் போதாது, கடையில் நிற்பவர் அதைத் தம் கடையாக நினைக்க வேண்டும். ஜொகூரில் நம் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தமிழும் சொல்லித் தருகிற உஸ்தாதுமார்களும் ஆசிரியர்களும், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டுக் களைப்போடு வருவதை நாம் காண்கிறோம். மாதச் சம்பளத்தோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் மேலே படிக்க உதவுவோம். அவர்கள் எழுதினால் அச்சிட்டுக் கொடுப்போம். நிர்வாகக் கூட்டத்தில் அவர்கள் பேச்சுக்கு இடம் தருவோம். படித்த நம் இளைஞர்களில் சிலராவது அந்த நாற்காலியில் வந்து அமர முன்வர வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளில் பெரியவர்கள் நமக்குச் சங்கத்தைத் தந்தார்கள். அடுத்த ஐம்பதில் ஆசிரியர்களை வளர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.