மர்மப் படமும் மலைநாட்டு முனியும்

ஓர் ஊரிலே அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்கின்றன. பழைய ஐதிகமொன்றைச் சுட்டி, இது பேயின் செயலென ஊரார் அஞ்சுகின்றனர். வெளியூரிலிருந்து வரும் துப்பறிவாளர் பேயின் வேடத்தைக் களைந்து குற்றவாளியைப் பிடித்துக் காட்டுகிறார். ஐதிகங்களையும் கர்ணபரம்பரைக் கதைகளையும் கருவாகக் கொண்ட மர்மப் படங்கள் பலவற்றின் கதை இவ்வளவே. இதனைப் பகுத்தறிவின் வெற்றியென்று பாராட்டுவது வழக்கம். அந்த வெற்றியோடு ஒரு சாட்சியின் வாக்குமூலமும் அழிந்து போகின்றதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தம் முன்னோரைப் பற்றித் தாமே எழுதிவைத்த ஆவணங்கள் அரிதாயுள்ள மலையகத் தோட்ட மக்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சம்பந்தமான வினாவன்று.

இவ்வகைப் படங்களின் மூலவூற்று கொனன் டொயில் 1901-02இல் தொடராக எழுதிய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையாகும். டார்ட்மூர்ப் பகுதியில் வழங்கிய பேய்நாய் ஐதிகங்களிலிருந்து அது பிறந்தது. 1939இல் பசில் ராத்போன் நடித்த படம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. கதையில் வரும் ஐதிகத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஹியூகோ என்னும் கொடிய பிரபு, உழவனொருவனின் மகளைக் கடத்திச் சிறைவைக்கிறான். தப்பியோடிய அவள் அச்சத்தாலும் களைப்பாலும் வெட்டவெளியில் மாள்கிறாள். அவனைப் பேய்நாய் கொல்கிறது. பல தலைமுறைகளின் பின், சொத்துக்கு ஆசைப்பட்ட ஒருவன் நாயொன்றுக்கு ஒளிரும் பூச்சிட்டு அதே ஐதிகத்தைத் தன் கருவியாக்குகிறான். ஹோம்ஸ் அவனைக் கண்டுபிடிக்கிறார். நாய் சுடப்படுகிறது, சொத்து உரியவனைச் சேர்கிறது. அந்தப் பெண்? நாவலில் அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

இக்கதை வங்காளத்தில் அஜய் கர் இயக்கிய 'ஜிகாம்சா' (1951) ஆகவும், இந்தியில் பிரேன் நாக் இயக்கிய 'பீஸ் சால் பாத்' (1962) ஆகவும் மாறியது. இந்திப் படம் செய்த மாற்றம் மிகவும் கூர்மையானது. அங்கே ஜமீன்தாரால் கெடுக்கப்பட்டு உயிர்நீத்த பெண்ணின் ஆவியே கொல்வதாக ஊர் நம்புகிறது. முடிவில் கொலையாளியாக வெளிப்படுபவர் அப்பெண்ணின் தந்தை. பேய் பொய்யே, ஆயினும் பேய்க்கதை சுமந்துவந்த அநீதி மெய். ஆங்கிலக் கதையில் மறக்கப்பட்ட உழவன் மகள் இங்கே வழக்கின் நடுவிலே வந்து நிற்கிறாள்.

தமிழ்ப் படங்கள் பெரிதும் முதல் வழியிலேயே சென்றன. 'வோ கோன் தீ' (1964) என்னும் இந்திப் படத்தின் தழுவலான 'யார் நீ?' (1966), வெள்ளுடை உருவத்தைச் சொத்துச் சூழ்ச்சியாகக் காட்டி முடிகிறது. ஜெய்சங்கர் நடித்த 'துணிவே துணை' (1976) படத்திலும் ஊரை நடுங்கவைத்த பேய் குற்றவாளிகளின் ஏற்பாடே. இவற்றை நாம் ரசித்துப் பார்த்தோம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்' (1993), அதன் வழிவந்த 'சந்திரமுகி' (2005) ஆகியவற்றில் துப்பறிவாளரின் இடத்துக்கு மனநல மருத்துவர் வருகிறார். பழைய அரண்மனையில் கொல்லப்பட்ட நடனமாதின் கதை ஒருத்தியின் உள்ளத்தைப் பற்றிக்கொள்கிறது. அது நோயென்று மருத்துவர் சொன்னாலும், கொன்றவனை அவள் பழிவாங்கிவிட்டதாக நம்பச் செய்த பின்னரே நோய் தீர்கிறது. விஞ்ஞானமும் ஐதிகத்தின் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது!

நமது மலைகளைக் களமாகக் கொண்ட ஹொலிவூட் படமான 'எலிபன்ட் வோக்' (1954) துப்பறியும் படமன்று. எனினும் மர்மச் சாயல் அதில் நிறைய உண்டு. யானைகளின் பாதையை மறித்துக் கட்டிய பங்களாவிலே, இறந்துபோன பெரிய துரையின் நினைவு பேய்போல ஆட்சி செய்கின்றது. எலிசபெத் டெய்லர் அந்நிழலோடு போராடுகிறார். கொள்ளைநோயில் தொழிலாளர் மாள்வதும் அதில் உண்டு, திரளாக, பெயரின்றி. துரையின் ஆவிக்கு ஒரு படம் கிடைத்தது. வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) தோட்டத் தொழிலாளியைத் திரையின் நடுவே நிறுத்தியது பெருஞ் சாதனையே; அது சமூகப் படம், ஐதிகங்களின் பக்கம் அது செல்லவில்லை.

அந்த ஐதிகங்கள் எத்தகையவை? முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன் ஆகியோர் தமிழகத்திலிருந்து மக்களோடு நடந்து வந்தவர்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவரைத் தெய்வமாக்கும் தமிழ்மரபை நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்கள் நன்கு காட்டும். கைகால் வெட்டுண்ட மதுரைவீரனும் அவ்வகையினனே. கவ்வாத்துச் சாமியும் ரோதைமுனியும் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். முன்னது தேயிலைச் செடியை வெட்டும் கத்தியோடும், பின்னது தொழிற்சாலைச் சக்கரத்தோடும் தொடர்புடையது. கத்தியும் சக்கரமும் தொழிலாளியின் கையையோ உயிரையோ பறிக்கவல்லவை என்பது நோக்கற்பாலது. மாசியில் ஆடப்படும் காமன் கூத்திலும், எரிக்கப்பட்ட கணவனுக்காக ரதி நியாயம் கேட்டு அழுகிறாள்.

ஐதிகம் அப்படியே வரலாறாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. சொல்பவர் மாறக் கதையும் மாறும். 'இக்கதையால் நன்மையடைந்தவர் யார்?' என்று துப்பறிவாளர் கேட்கும் கேள்வி இங்கும் அவசியமானது. இரவிலே ஸ்டோர்ப் பக்கம் போகாதே, முனி அடிக்கும் என்ற கதையால் தேயிலைக்குக் காவல் செலவின்றிக் கிடைத்திருக்கலாம். ஆயின் அக்கேள்வியோடு படங்கள் நின்றுவிடுகின்றன. 'இக்கதையில் இறந்தவர் யார்?' என்ற இரண்டாவது கேள்வியை 'பீஸ் சால் பாத்' போன்ற சிலவே கேட்டன.

மலையக வரலாற்றில் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. 1840களில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பது அக்காலத்திலேயே பெரும் சர்ச்சையாயிற்று. செக்றோல் வந்தவரின் வேலைநாளைக் கணக்கிட்டதேயன்றி, போனவரின் கதையைக் கணக்கிடவில்லை. வெள்ளைக்காரரின் கல்லறைகளோ பெயரும் ஆண்டும் பொறிக்கப்பெற்றவை. இலங்கையிலுள்ள அத்தகைய கல்லறை வாசகங்களைத் திரட்டி பென்றி லூயிஸ் 1913இல் ஒரு நூலே வெளியிட்டார். தேயிலை மலையின் மரத்தடியில் நட்டிருக்கும் முனியின் சூலத்தில் எழுத்தேதும் இல்லை. அது எவர் நட்டது, எந்த மரணத்துக்குப் பின் நட்டது என்பதைச் சொல்லக்கூடிய கிழவிகள் சிலர் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள்.