சில்லுள் ஆண்டெனா

சில்லுள் ஆண்டெனா என்பது, ரேடியோ மின்சுற்று இருக்கும் அதே சிலிக்கான் சில்லின் மேலடுக்கு உலோகத்திலேயே வரையப்படும் ஆண்டெனா. தனிக் கம்பி, இணைப்புக் கேபிள், சர்க்யூட் போர்டில் தாமிரக் கோடு எதுவும் இதற்கு வேண்டாம். கடைகளில் ‘சிப் ஆண்டெனா’ என்று கிடைப்பது இது அல்ல. அது போர்டில் பற்றவைக்கும் பீங்கான் துண்டு. சில்லை மூடியிருக்கும் உறைக்குள் ஆண்டெனாவை வைக்கும் முறையும் வேறு.

ஆண்டெனாவின் அளவைத் தீர்மானிப்பது அலைநீளம்தான். நன்றாக வேலை செய்ய அது அலைநீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத் தென்னந்தோப்புகளில் செல்போன் அழைப்பிலேயே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். உள்ளே சிம் கார்டு, மோடம் எல்லாம் சேர்ந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆண்டெனா மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 செ.மீ., அதில் கால் பங்கு 8 செ.மீ. புளூடூத், வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 3 செ.மீ. ஆகிறது. 60 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் அலைநீளமே 5 மி.மீ.; கால் பங்கு ஒன்றேகால் மி.மீ. சில மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லில் ஆண்டெனாவுக்கு இடம் கிடைப்பது அங்கேதான்.

ஃபாஸ்டேக் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சில்லு. இருபுறமும் பல செ.மீ. பரந்து கிடக்கும் உலோகத் தகடு. அந்தத் தகடுதான் ஆண்டெனா. வில்லை இயங்குவது 865 மெகாஹெர்ட்ஸ் சுற்றுப்பட்டில் என்பதால் சில்லை எவ்வளவு சிறிதாக்கினாலும் தகட்டைக் குறைக்க முடியாது.

இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, சிலிக்கானே எதிரி. அதன் மின்காப்பு மாறிலி (dielectric constant) ஏறக்குறைய 11.9. காற்றைவிட இவ்வளவு அதிகமாக இருப்பதால், ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் ஆற்றலில் பெரும்பகுதி மேலே போகாமல் கீழுள்ள சிலிக்கானுக்குள் இறங்கிவிடுகிறது. வழக்கமான சில்லுகளில் சிலிக்கானின் மின்தடை குறைவு. இறங்கிய ஆற்றல் அங்கேயே வெப்பமாகிறது. அடியில் ஓர் உலோகத் தளத்தை வைத்து மறைக்கலாமே என்றால், இடையிலுள்ள ஆக்சைடு அடுக்கு சில மைக்ரான் தடிமன்தான். அவ்வளவு அருகில் தளம் இருந்தால் கதிர்வீச்சு அடங்கிப்போகும். ஆண்டெனாவுக்கு அடியில் சிலிக்கானைக் குடைந்தெடுப்பது, மின்தடை மிகுந்த சிலிக்கானைப் பயன்படுத்துவது, சில்லின் முதுகில் சிலிக்கான் லென்ஸ் ஒட்டுவது என்று மாற்று வழிகள் உண்டு. எல்லாமே செலவைக் கூட்டும். டிரான்சிஸ்டர் ஆண்டுக்காண்டு சுருங்கினாலும் ஆண்டெனா சுருங்காது. விலையுயர்ந்த சிலிக்கான் பரப்பை அது அடைத்துக்கொள்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆதாயமும் இல்லாமலில்லை: மில்லிமீட்டர் அலைகள் சில்லைவிட்டு வெளியேறும் இணைப்புப் புள்ளியிலேயே கணிசமாக வீணாகும். ஆண்டெனா சில்லிலேயே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மில்லிமீட்டர் அலை நமக்குப் புதிதல்ல. 1890களிலேயே ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் 5 மி.மீ. அலைகளை உண்டாக்கி, கூம்பு ஆண்டெனா கொண்டு சோதனை செய்தார். சிலிக்கானில் ஆண்டெனா வரையும் ஆய்வு சூடுபிடித்தது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து. சில்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கடிகாரத் துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும் நோக்கில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கென்னத் ஓ குழுவினர் இதில் இறங்கினர். 2003இல் ஹிட்டாச்சி, ‘மியூ-சில்’ என்ற 0.4 மி.மீ. சதுர RFID அடையாளச் சில்லில் ஆண்டெனாவையும் உள்ளடக்கியதாக அறிவித்தது; படிக்கும் தூரம்தான் மிகக் குறைவு. 2006இல் கால்டெக்கில் அலி ஹாஜிமிரி குழுவினர் 77 கிகாஹெர்ட்ஸில் நான்கு ஆண்டெனாக்களைச் சிலிக்கானில் அமைத்து, அடியில் சிலிக்கான் லென்ஸ் பொருத்தி இயக்கிக் காட்டினர்.

சந்தையில் இன்று முந்தியிருப்பது உறைக்குள் ஆண்டெனா வைக்கும் முறை. 2019இல் வந்த கூகுள் பிக்சல் 4 போனின் கையசைவு உணரும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அந்த வகை. அந்த அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாத நிலையில் அந்த போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே உறிஞ்சுகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் போய்விடும். ஓர் அறைக்குள் இது பெரிய குறையில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் ஏக்கர் கணக்கில் பரந்த தென்னந்தோப்புக்கு, ஈர மட்டையையும் மழையையும் தாண்டிப் போகும் தாழ்ந்த அலைவரிசைதான் ஏற்றது. 865–868 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமமும் தேவையில்லை. அந்த அலைவரிசையில் ஆண்டெனாவைச் சில்லுக்குள் அடக்க வழியில்லை. தோப்புக்குக் கருவி வாங்குவோர் சில்லின் பெருமையைவிட, ஆண்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே இருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.