ஸ்டெப்னி: உங்க டிக்கியில் இருக்கும் வேல்ஸ் நாட்டுத் தெரு

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன டெஸ்டோட ஆரம்பிக்கலாம். பஞ்சர் கடைக்குப் போய் 'ஸ்பேர் வீலைப் பாருங்கண்ணே' என்று சொல்லிப் பாருங்க. கடைக்காரர் டிக்கியைத் திறந்துகொண்டே 'ஸ்டெப்னியா சார்?' என்பார். ஸ்பேர் வீலுக்கு நம்ம ஊரில் வேறு பெயரே கிடையாது. ஆனால் லண்டனில் இன்றைக்கு ஒரு மெக்கானிக்கிடம் போய் இதே வார்த்தையைச் சொன்னால், அவர் கிழக்கு லண்டனில் அந்தப் பெயரில் இருக்கும் ஏரியாவுக்கு வழி சொல்லக்கூடும். (அந்த ஏரியாவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.)

இந்த எபிசோட் ஸ்டெப்னி பற்றியும், அதோடு டிக்கியில் கிடக்கிற மற்ற சாமான்கள் பற்றியும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு காலத்தில் இருந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டில், இப்படி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. இன்ஜினியர்களால் அந்த நேரத்தில் சரி செய்ய முடியாத ஒரு பிரச்சனையை, 'நீங்களே பார்த்துக்கோங்க' என்று வண்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்க வேலையில் இதை 'நோன் இஷ்யூ' என்று ரிலீஸ் நோட்டில் எழுதுவோம். கார் கம்பெனிகள் ஸ்பேனராகக் கொடுத்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

1888 ஆகஸ்டுக்குப் போவோம். ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் காரைக் கண்டுபிடித்து பேட்டன்ட் வாங்கி இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஆனால் வாங்க ஆள் இல்லை. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் ஒரு நாள் விடியற்காலையில் கணவரிடம் சொல்லாமல், மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதுவரை யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த வண்டியில் டூல் கிட் என்று தனியாக எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. பெர்த்தா போட்டிருந்த துணிமணிதான் டூல் கிட். பெட்ரோல் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். இக்னிஷன் வயர் உரசி ஷார்ட் ஆனபோது, காலுறையைப் பிடித்து நிறுத்தும் கார்ட்டர் பட்டையை அதன் மேல் சுற்றினார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய் லிக்ராயின் வாங்கினார். அது துணியில் கறை எடுக்கப் பயன்பட்ட ஒரு கரைப்பான். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடையை இன்றும் சொல்கிறார்கள். செயினைச் சரி செய்ய ஒரு கொல்லர். பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அதன் மேல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்ற விஷயம் இப்படி வழியில் பிறந்தது.

பெர்த்தாவுக்கு ஒரு பிரச்சனை மட்டும் வரவில்லை. பஞ்சர். ஏனென்றால் அந்த வண்டியின் சக்கரங்களில் காற்றே கிடையாது.

காற்றடைத்த டயர் காருக்கு வந்தது 1895இல். மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்-போர்டோ-பாரிஸ் ரேஸில் காற்று டயர் போட்ட வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். ஜெயிக்கவில்லை. கொண்டுபோன 22 டியூபும் வழியிலேயே தீர்ந்துபோனது. ஆனாலும் காற்று டயர் தந்த சொகுசு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. 10 வருஷத்துக்குள் பெரும்பாலான கார்கள் காற்று டயருக்கு மாறின. குதிரை லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடந்த சாலையில் ஓடிய காற்று டயர். என்ன ஆகும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயம் புரிந்தால்தான் மீதிக் கதை புரியும். அன்றைய காரில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. நாலு நட்டைக் கழற்றினால் வீல் கையோடு வரும் என்ற ஏற்பாடே இல்லை. பஞ்சர் ஆனால், சக்கரம் வண்டியில் இருக்கும்போதே கம்பியால் நெம்பி டயரைப் பிரித்து, டியூபை உருவி, ஒட்டுப் போட்டு, திரும்ப உள்ளே திணித்து, கைப் பம்பால் காற்றடிக்க வேண்டும். மழையிலும் இதேதான், இருட்டிலும் இதேதான். கார் வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தவர்கள் இதைச் செய்யவில்லை. அதற்கு ஆள் வைத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊர் கதைக்குள் வருகிறது. தகரத் தகடு உற்பத்திக்குப் பேர் போன தொழில் நகரம். அங்கே தாமஸ் மாரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்று இரண்டு சகோதரர்கள் இரும்புச் சாமான் கடை நடத்தி வந்தார்கள். 1904இல் அவர்கள் ஒரு பொருளைக் கொண்டு வந்தார்கள். ஆரக்கால் இல்லை, நடுவில் ஹப் இல்லை. வெறும் ஒரு இரும்பு வளையம், அதன் மேல் ஏற்கனவே காற்றடித்த டயர். பஞ்சர் ஆனதும் இந்த வளையத்தை, ஊதிப்போன சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, கொக்கி மாதிரி கிளாம்புகளால் அதன் ரிம்மோடு இறுக்க வேண்டும். பழைய டயர் பாட்டுக்கு அங்கேயே இருக்கும். வண்டியின் எடையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வளையம் தாங்கும். வீடு போய்ச் சேர்ந்து நிதானமாக ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். சிஸ்டத்தைத் தொடாமல், பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி டிராஃபிக்கை அதற்குத் திருப்பிவிடுவது. நாங்க ப்ரொடக்‌ஷனில் வாரத்துக்கு ஒரு தடவை பண்றதுதான்!

சகோதரர்களின் தொழில் லனெல்லியின் ஸ்டெப்னி தெருவில் நடந்தது. அந்தத் தெருவுக்கு, ஊரில் நிலம் வைத்திருந்த ஸ்டெப்னி குடும்பத்தின் பெயர். பொருளுக்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள்: ஸ்டெப்னி ஸ்பேர் வீல். அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ரோடுகள் எங்கும் போனது. லண்டன் டாக்ஸிகளில் மாட்டினார்கள். இந்தியாவுக்கும் வந்தது.

அதன் ஆயுசு என்னவோ குறைவு. ஏனென்றால் அசல் தீர்வு சீக்கிரமே வந்துவிட்டது: சக்கரத்தையே கழற்றுவது. 1906இல் லெ மான் அருகே நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரியில், ரெனோ காரை ஓட்டிய ஹங்கேரிக்காரர் ஃபெரன்ஸ் சிஸ் ஜெயித்தார். டயரோடு சேர்த்துக் கழற்றக்கூடிய மிஷலின் ரிம் அவருடைய பின் சக்கரங்களில் இருந்தது. மற்றவர்களில் பலர் கத்தியால் டயரை அறுத்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சில நிமிஷங்களில் கிளம்பிப் போய்விட்டார். 1908 கிராண்ட் பிரிக்கு ஆங்கிலேயர்கள் ஒரே நட்டில் முழு வீலும் கழன்று வரும் அமைப்போடு வரப் பார்த்தார்கள். 'அதெல்லாம் அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். நேப்பியர் கம்பெனி கோபித்துக்கொண்டு கலந்துகொள்ளவே இல்லை. எந்தக் காலத்திலும் ரூல் புக் இப்படித்தான் போல.

கழற்றும் வீல் வந்ததும் ஸ்டெப்னி வளையத்துக்கு வேலை இல்லாமல் போனது. இங்கிலாந்து அந்த வார்த்தையை மறந்தது. ஆனால் இந்தியா, பங்களாதேஷ், மால்டா ஆகிய இடங்களில் வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. டிக்கியில் இருப்பது டேவிஸ் சகோதரர்களின் வளையம் இல்லை, வேறு தொழில்நுட்பம். பெயர் மட்டும் ஒரு வேல்ஸ் தெருவுடையது.

தமிழில் இந்த வார்த்தைக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு, உங்களுக்கே தெரியும். ஒரு பெண்ணைப் பார்த்து 'அவனோட ஸ்டெப்னி' என்று சொல்வது. சினிமா காமெடியில் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டோம். எனக்கு அது பிடிக்கிறதில்ல, சொல்லிட்டேன். மெக்கானிக்கலாகப் பார்த்தாலும் அது தப்பான உவமை. ஸ்டெப்னி மாட்டியிருந்த நேரம் முழுக்க வண்டியைத் தாங்கியது அதுதான்.

அடுத்து ஸ்டார்ட்டிங் ஹேண்டில். பழைய அம்பாசடர், ஃபியட் வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்க, முன்பக்கமாக இரும்புக் கம்பியைச் செருகி, குனிந்து சுற்றிய கதை சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது பேட்டரி இறங்கினால் மட்டும். 1910 வாக்கில் பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்யப் பெரும்பாலும் அது ஒன்றுதான் வழி.

அதில் ஆபத்து இருந்தது. ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்பதை அன்றைக்கு ஒரு லீவரால் கையால் வைக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது அதைத் தாமதமாக வைக்க மறந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே பெட்ரோல் வெடித்துவிடும். இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் கையில் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு உடையும். இது அவ்வளவு சாதாரணமாக நடந்ததால் மருத்துவப் புத்தகங்களில் அதற்கு 'சாஃபர்ஸ் ஃப்ராக்சர்' என்றே பெயர் வந்தது. எலும்பு டாக்டர்கள் இன்றும் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைக்க வேண்டும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதனால்தான்.

பெயரைக் கவனிச்சீங்களா? உடைந்தது டிரைவரின் கை. கார் முதலாளியின் பெயரில் அந்த முறிவு இல்லை. சாஃபர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முதல் அர்த்தம், நீராவி இன்ஜினுக்கு நெருப்பு மூட்டுகிறவர். டயர் நெம்பியதும், ஹேண்டில் சுற்றியதும், எலும்பு முறிந்ததும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கு. முதல் தலைமுறைக் கார்களின் பெரிய எமர்ஜென்சி டூல் ஒரு மனிதர்.

இதை முடித்து வைத்தவர் சார்லஸ் கெட்டரிங். முன்பு கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில், டிராயரைத் திறக்கச் சின்ன மின் மோட்டார் செய்தவர். இன்ஜினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும், அதைக் காரில் வைக்க இடமில்லை என்று மற்றவர்கள் நினைத்தபோது, அவர் வேறு கணக்குப் போட்டார்: சில நொடிகள்தானே ஓடப் போகிறது, சின்ன மோட்டாரையே அதன் அளவுக்கு மீறி ஓட்டினால் என்ன? 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஃபோர்ட் மாடல் டி வாங்கியவர்கள் 1919 வரை காத்திருந்தார்கள், அப்போதும் பல வண்டிகளில் அது தனிக் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வரலாம். நான் ஓட்டுவது 2002 மாடல் மாருதி 800. 12 இன்ச் வீல், செகண்ட் ஹேண்ட். சென்னையிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்கிற கேள்வி, 'நடுவழில நின்னா என்னடா பண்ணுவ?' நியாயமான கேள்வி. பழசு மாதிரி தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால், என் வண்டியில் பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாக அனுப்புவதே ஒரு கம்ப்யூட்டரும் மின்சாரப் பம்பும். பேட்டரி முழுசா செத்துப் போச்சுன்னா எத்தனை பேர் தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஜம்பர் கேபிள். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், மறுமுனை நம்ம வண்டி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டினால் தீப்பொறி பேட்டரிக்குப் பக்கத்திலேயே வரும், அங்கே ஹைட்ரஜன் இருக்கலாம்.

கூடவே 5 லிட்டர் தண்ணி, ஃப்யூஸ் நாலு, டார்ச், கையுறை. ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க. உள்ளே பிரஷர் இருக்கும், கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஜாக்கி போடுவதற்கு முன்னாடி, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திடுங்க. ஜாக்கி தாங்குற வண்டிக்கு அடியில் தலையை விடாதீங்க.

இதையெல்லாம் விட நான் முக்கியமாக நினைப்பது சிவப்பு முக்கோணம். நம்ம ஊரில் லாரி நின்றால் பின்னால் கல்லையும் மரக்கிளையையும் வைப்பார்கள். வண்டி கிளம்பிப் போகும், கல் அங்கேயே இருக்கும், இருட்டில் பைக்கில் வர்றவருக்கு அது எமன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. முக்கோணத்தை வண்டிக்கு ரெண்டு அடி பின்னாடி வெச்சுட்டு பஞ்சர் பார்த்தால், பின்னால் வருகிறவருக்குப் பிரேக் பிடிக்க நேரமே கொடுக்கலைன்னு அர்த்தம். குறைந்தது 50 மீட்டர், ஹைவேயில் இன்னும் தள்ளி.

2020இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டயர் பிரஷரைக் கண்காணிக்கும் சென்சாரும் பஞ்சர் ரிப்பேர் கிட்டும் இருந்தால், புதுக் கார்களில் ஸ்பேர் வீல் கட்டாயம் இல்லை. டிக்கியில் இடம் மிச்சம், எலக்ட்ரிக் காரில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும். சரிதான். ஆனால் டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்த கிட் ஒன்றும் செய்யாது, போன் செய்து காத்திருக்க வேண்டியதுதான். இரவு 2 மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டிக் காத்திருப்பது யாருக்குச் சுலபம், யாருக்கு இல்லை என்பதை அந்த டிசைன் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, நம்ம ஸ்டெப்னி நம்மகிட்ட இருக்கு. ஆனால் ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயசாகி வெடிக்கும். டயர் பக்கவாட்டில் ஒரு ஓவலுக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3409 என்றால் 2009ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். நான் வாங்கியபோது என் வண்டியின் டிக்கியில் இருந்த ஸ்டெப்னியில் அந்த நம்பர்தான் இருந்தது. ட்ரெட் கொஞ்சமும் தேயவில்லை, பார்க்கப் புத்தம் புதுசு. கடைக்காரர் விரலால் அழுத்திக் காட்டினார், பக்கவாட்டு முழுக்க மயிரிழை வெடிப்பு. அதே இடத்தில் மாற்றிவிட்டேன்.