குமரி மாவட்டத்தில் அரசு வீட்டுவசதி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏழைகளுக்கு அரசு வீடு கொடுத்த வரலாறு பெரும்பாலும் நிலம் தேடிய வரலாறுதான். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்த இடம். ஆனால் அந்த ‘நகரங்களில்’ பெரும்பாலானவை பேரூராட்சிகள். தென்னைவிளைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளும் ஒரு சந்திப்பும் நாலு கடையுமாக இருக்கும் ஊரும் கணக்கில் நகரமே. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் நெருங்கி வாழும் மாவட்டம் இது. வீட்டுமனை இங்கே சென்ட் கணக்கில்தான் பேசப்படுகிறது. மூன்று சென்ட் சொந்தமாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் அரசு உதவி கிடைப்பதையும் தீர்மானித்து வந்திருக்கிறது.

1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையும் வரை இப்பகுதி முதலில் திருவிதாங்கூர் ஆட்சியிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. விளையில் வேலை செய்பவர் உடையவரின் நிலத்திலேயே ஓலைப்புரை போட்டுக் குடியிருப்பார்; உடையவர் போகச் சொன்னால் போக வேண்டும். இதற்குக் குடிகிடப்பு என்று பெயர். எல்லைக்கு அப்பால் கேரளம் நிலச்சீர்திருத்தத்தின் வழியே குடிகிடப்புக்காரர்களுக்கு மனை உரிமை கொடுத்தது. 1972இல் எம்.என். கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது ‘லட்சம் வீடு’ திட்டத்தையும் தொடங்கியது. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப்புறம் இருந்தவர்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. அவர்கள் அதற்குள் தமிழ்நாட்டுக்காரர்கள்.

தமிழ்நாட்டின் திட்டங்களோ சென்னையை மனத்தில் வைத்து உருவானவை. 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் தவணையில் வீடு விற்றது. நாகர்கோவிலிலும் ஹவுசிங் போர்டு காலனி உண்டு. குறைந்த வருவாய்ப் பிரிவு என்று பெயர் இருந்தாலும் மாதச் சம்பளக்காரர்களே தவணை கட்ட முடிந்தவர்கள். 1970இல் மு. கருணாநிதி ஆட்சியில் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்தின் வேலை நெடுங்காலம் தலைநகரோடு நின்றது. 1990களின் இறுதியில் சமத்துவபுரங்கள் வந்தன. எல்லாச் சாதியினரையும் ஒரே வரிசையில் குடிவைக்கும் அந்த நோக்கம் பெரியது, வீடுகளின் எண்ணிக்கை சிறியது.

மாவட்டத்தில் அரசின் ஏற்பாட்டில் பெருமளவு வீடுகள் எழக் காரணமானது 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை. இங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்த பேரிழப்பு. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் அடி பலமாக விழுந்தது. தார்த்தாள் கொட்டகைகளில் மக்கள் வெந்துகொண்டிருந்தபோது, 2005 ஜனவரியிலும் மார்ச்சிலும் அரசாணைகள் வந்தன. தொண்டு நிறுவனங்கள் கட்டலாம், இடத்தை அரசு கொடுக்கும். ஒரு வீடு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும். கடற்கரையில் ஆண்களின் பேரில் மட்டுமே சொத்து எழுதிவந்த குடும்பங்கள் பல. அந்த வகையில் இந்த ஒரு வரி கட்டிய சுவரைவிடப் பெரிய காரியம்.

சிக்கல் 200 மீட்டரில் வந்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து அந்தத் தொலைவுக்குள் இருந்தவர்கள் அதைத் தாண்டி உட்பகுதிக்குப் போனால் புது வீடு. போகாவிட்டால் அரசு உதவி இல்லை. ஆனால் குமரிக் கரையில் மணல் முடிந்ததும் பெரும்பாலும் தனியார் விளை தொடங்கிவிடும். நிலம் வாங்குவதற்கே மாதங்கள் ஓடின. கோட்டாறு சமூக சேவை சங்கம் போன்ற அமைப்புகள் கட்டும் வேலையில் இறங்கின. பயனாளிப் பட்டியலில் பங்குத்தந்தைக்கும் ஊர்க் கமிட்டிக்கும் சொல் இருந்தது. அதனால் விரைவும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு.

இன்று இவை ‘சுனாமி காலனி’ என்றே அழைக்கப்படுகின்றன. ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, கழிப்பறை: அவ்வளவுதான் வரைபடம். வள்ளத்தின் எஞ்சினை வைக்கவும் வலையை விரித்துப் பொத்தவும் அதில் இடமில்லை. மகனுக்குக் கல்யாணமானதும் ஹாலுக்கு ஒரு திரை, வாசலுக்கு ஒரு தகரச் சாய்ப்பு. உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஊதி, கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுகிறது. வீடுகளுக்கு எடுத்திருந்த பத்தாண்டுக் காப்பீடு என்றோ முடிந்துவிட்டது. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் திட்டம் தெளிவாக வகுக்கவில்லை என்பதே அதன் பெரிய குறை.

2015இல் வந்த பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் இம்மாவட்டத்துக்குப் பொருந்தும் ஒரு வழியைக் காட்டியது: சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கு ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் மானியம். பேரூராட்சிக்காரர்கள் பலர் அப்படித்தான் ஓட்டுக்கூரையிலிருந்து தளத்துக்கு மாறினார்கள். ஆனால் பட்டா வேண்டும். மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். அவற்றின் கரையிலும் பழையாற்றின் ஓரத்திலும் தலைமுறைகளாக இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்கள். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா தர வழியில்லை. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், இவர்களைப் போன்றவர்களுக்காக அஞ்சுகிராமம் அருகே பால்குளத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியது. அது நாகர்கோவிலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வடசேரிச் சந்தையில் சுமை தூக்குபவருக்கும் நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் வேலை நாகர்கோவிலில்தான். பால்குளத்துக்குக் குடிபோனால் முதல் பேருந்தின் நேரமும் போக வரக் கூலியில் கழியும் பணமும் வீட்டுச் செலவோடு சேர்ந்துவிடும்.