அத்தோ வந்த வழி



இராயபுரத்திலிருந்து புறப்பட்டுக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை மாலை நேரத்தில் நடந்து சென்றால் ஓர் ஓசையையும் ஒரு மணத்தையும் அடிக்கடி எதிர்கொள்வீர்கள். இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் ஓசை அது. மணமோ எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிந்த பூண்டினுடையது. தள்ளுவண்டியின் ஒரு பக்கம் ஆவி பறக்கும் வாழைத்தண்டு சூப்பும், மறுபக்கம் செம்மஞ்சள் நிற நூடுல்ஸ் குவியலும் இருக்கும். துறைமுகத் தொழிலாளி, மீன் ஏலம் முடித்து வந்தவர், ஆலையிலிருந்து வெளிவந்தவர், கல்லூரி மாணவர் என யாவரும் அவ்வண்டியைச் சூழ்ந்து நிற்பர். அதன் பெயர் ‘அத்தோ’. வட சென்னையில் அதை அறியாதவர் இலர். ஆயினும் அது எங்கிருந்து வந்தது, ஏன் இங்கே வந்தது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே.

அக்கேள்வியை நானும் என் பத்தாம் வயதில் கேட்கவில்லை. கேட்காததால் ஒரு தவறு செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதை ஒட்டிய ஆண்டு. எங்கள் வகுப்பில் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் சேர்ந்தான். தமிழ்தான் பேசினான், ஆனால் சில சொற்களை இழுத்துப் பேசுவான். ஒருநாள் நண்பகலில் அவன் உணவுப் பாத்திரத்தைத் திறந்தபோது, உள்ளே நீளநீளமான இழைகள் இருந்தன. “புழு தின்கிறான்” என்று ஒருவன் கூவினான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் ஒன்றும் கூறாமல் பாத்திரத்தை மூடினான். அன்று அவன் உண்ணவில்லை. நாங்கள் வீட்டில் இடியாப்பம் உண்பவர்கள்தாம். அதுவும் இழைதானே என்று எங்களுள் ஒருவனுக்கும் தோன்றவில்லை. சிரிப்புக்குக் காரணம் இழை அன்று. அந்த இழை வந்த வழியை நாங்கள் அறியாமையே ஆகும்.

அந்த வழியை இப்போது காண்போம். எழுத்தில் வராத வரலாற்றை அறியச் சொற்கள் பெரிதும் உதவும். பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் கையால் பிசைந்து கலந்த உணவு என்று பொருள். அதுவே நம் நாவில் ‘அத்தோ’ ஆயிற்று. நூடுல்ஸுக்குப் பர்மியப் பெயர் ‘கௌக்ஸ்வே’. ‘ச்யோ’ என்றால் பொரித்தது அல்லது வறுத்தது. பருப்பு வகையைப் ‘பே’ என்பர். எனவே பருப்பைச் சேர்த்துப் பொரித்த மொறுமொறுப்பான வில்லை ‘பேச்யோ’. வட சென்னை வண்டிகளில் அத்தோவின் மீது நொறுக்கிப் போடும் ‘பேஜோ’ இதுவே. சூப்பை ‘மொயிங்கா’ என்று முதியோர் சிலர் சொல்வர். பர்மிய மக்கள் காலையில் விரும்பி உண்ணும் உணவின் பெயர் அது. ஒரு தள்ளுவண்டியில் இத்தனை பர்மியச் சொற்கள் இருக்குமாயின், பர்மாவை அறிந்த கைகளே அதனை முதலில் தள்ளின என்று துணிந்து கூறலாம்.

அத்தோவுக்கு உறவினர் பலர் உண்டு. இந்தோனேசியாவில் வீடுதோறும் ‘மீ கோரெங்’ செய்வர். ‘மீ’ என்பது தென்சீனத்து ஹொக்கியன் மக்கள் கொண்டு வந்த சொல். ‘கோரெங்’ என்பது பொரித்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். சீனத்து இழையும் மலாய்ச் சட்டியும் அப்பெயரிலேயே சந்தித்துவிட்டன. மலாயாவுக்குச் சென்ற தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் அதில் மிளகாயும் மசாலையும் சேர்த்துத் தமக்குரிய ஒரு வகையை உண்டாக்கினர். கடை என்னும் நம் சொல் மலாயில் ‘கெடை’ என்றும், கப்பல் என்பது ‘காப்பால்’ என்றும் வழங்குகின்றன. கப்பலில் சென்று கடை வைத்தவர்களின் வரலாறு இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகிறது அன்றோ?

இழை உணவு மிகத் தொன்மையானது. வடமேற்குச் சீனத்தில் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த மண்கலத்தின் அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான நூடுல்ஸ் கிடைத்ததாக 2005ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். சீனத்து வணிகரும் தொழிலாளரும் சென்ற இடமெல்லாம் அது சென்றது, பர்மாவுக்கும் சென்றது. அங்கே அதைச் சந்தித்த தமிழர் எவ்வாறு அங்கு போயினர்?

தமிழகத்திற்கும் அந்நாட்டிற்கும் தொடர்பு பழையது. பகான் நகரில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த ‘நானாதேசி விண்ணகர்’ என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபம் முதலியன அளித்ததைத் தமிழில் கூறுகிறது. ஆனால் பெருந்திரளாக மக்கள் சென்றது ஆங்கிலேயர் காலத்தில்தான். 1824–26, 1852, 1885 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று போர்களால் பர்மா படிப்படியாக அவர்கள் கைப்பட்டது. 1937 ஏப்ரல் முதல் நாள் வரை அது இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. சதுப்பு நிலங்கள் வயல்களாயின. அவ்வயல்களுக்கு முதல் கொடுத்தவர் நகரத்தார்; ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் இந்தியர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

இங்கே நாம் நடுநிலை தவறலாகாது. 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்லின் விலை சரிந்தது. கடனைத் தீர்க்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் சென்றன. அப்பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்களின் உடைமையாயிற்று. நிலமிழந்தவரின் மனக்கொதிப்பு நியாயமற்றது என்று கூற முடியாது. ஆனால் பின்னாளில் அக்கொதிப்பின் வெம்மையைத் தாங்கியவருள் பெரும்பாலோர் நிலமோ வட்டியோ கண்டறியாத கூலித் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் ஆவர். வரலாற்றில் ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் தீர்க்க நேர்வது உண்டு.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இரங்கூனில் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் பல லட்சம் இந்தியர் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர் எல்லைக் காடுகளையும் நடந்தே கடந்தனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் வழியில் மாண்டனர். போர் ஓய்ந்தபின் ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். பர்மா 1948 ஜனவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. 1962 மார்ச்சு 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். வங்கிகளும் வணிகமும் அரசுடைமையாயின. 1964இல் சிறு கடைகளும் அவ்வாறே எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் ஐம்பது, நூறு ச்யாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் கப்பலேறினர். சிறு தொகைக்கு மேல் பணமோ நகையோ கொண்டுசெல்ல விடவில்லை. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் அக்காலத்தில் வெளியேறியதாகக் கூறுவர். அவர்களுள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் தமிழகத்திற்கு வந்தனர்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியோருக்கு இது தாய்நாடு; ஆனால் அவர்களுள் பலர் முன்னம் காணாத நாடு. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பகுதியிலும் அவர்கள் குடியிருப்புகள் அமைந்தன. எண்ணூரில் ‘பர்மா நகர்’ என்னும் பெயர் இதற்குச் சான்று. துறைமுகத்தின் எதிரே 1969இல் பர்மா பஜார் தோன்றியது. தாயகம் திரும்பியோருக்கென ரெப்கோ வங்கி நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். மனம் ஒன்றாத சிலர் நடந்தே பர்மாவுக்குத் திரும்ப முயன்றனர். எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கினர். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயில் இன்றும் உள்ளது.

வேலை கிடைக்காதவர் என் செய்வர்? எல்லையில் சோதனையிடுவோர் பணத்தைப் பிடுங்கலாம், நகையைப் பிடுங்கலாம், கைப்பக்குவத்தைப் பிடுங்க இயலாது. ஒரு வண்டி, ஓர் அடுப்பு, கொஞ்சம் மாவு, முட்டைக்கோசு, வெங்காயம், பூண்டு, புளி இவையே முதல். அத்தோ ஏழைக்குரிய முதலீட்டில் பிறந்த தொழில். இவ்வூருக்கேற்ப அது மாறவும் மாறியது. பர்மாவில் மொயிங்காவின் சாறு மீனில் வெந்தது. அதில் வாழைத்தண்டும் கடலைமாவும் சேரும். இங்கே மீன் விலக, வாழைத்தண்டு நின்றது. காய்கறி உண்பவரும் உண்ணத்தக்கதாயிற்று.

வீட்டில் செய்வதும் எளிது. நால்வருக்கு நானூறு கிராம் நூடுல்ஸை உப்பிட்ட கொதிநீரில் வேகவைத்து, சற்று விறைப்பாக இருக்கும்போதே வடித்து, குளிர்நீரில் அலசிச் சிறிது எண்ணெய் தடவி ஆறவிடுக. பதினைந்து பூண்டுப் பற்களையும் ஒரு வெங்காயத்தையும் மெல்லியதாக அரிந்து, கால் கிண்ணம் கடலை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து, அந்த எண்ணெயையும் காத்து வைக்க. நூல்போல் அரிந்த முட்டைக்கோசு, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, வறுத்த கடலைமாவு இரண்டு கரண்டி, கெட்டியான புளிநீர், இடித்த வறுமிளகாய், உப்பு, பொரித்த பூண்டு, அதன் எண்ணெய் ஆகிய யாவற்றையும் நூடுல்ஸுடன் கையால் கலக்க. கரண்டியால் கிளறினால் அது ‘அதோக்’ ஆகாது.

இந்தோனேசிய முறை வேண்டுவோர் இரும்புச் சட்டியை நன்கு காய்ச்சிப் பூண்டு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு ஆகியவற்றை முதலில் வதக்கிப் பின்னர் நூடுல்ஸைச் சேர்க்க. அவர்கள் பனைவெல்லம் கலந்து காய்ச்சிய இனிப்பான சோயாச் சாறு ஊற்றுவர். நம் வீட்டில் சோயாச் சாற்றில் சிறிது கருப்பட்டி கரைத்தால் போதும். நூடுல்ஸில் ஈரம் எஞ்சியிருத்தல் ஆகாது. ஈரம் ஆவியாகும்போது சட்டியின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். பின்பு வறுபடுவதற்குப் பதிலாகக் குழைந்துவிடும்.

நான் தொடங்கிய கதையை முடிக்க வேண்டும். அப்பையனைக் கேலி செய்து சில மாதங்கள் சென்றபின், என் தந்தையார் ஒரு மாலை என்னைத் துறைமுகத்துப் பக்கம் அழைத்துச் சென்றார். ஒரு தள்ளுவண்டியில் நின்று உண்டோம். வண்டிக்காரப் பெண்மணியின் பின்னால் அமர்ந்து முட்டைக்கோசு அரிந்துகொண்டிருந்தவன் அவனே. என்னைக் கண்டான், தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, என் தட்டின்மேல் எலுமிச்சை மூடியைப் பிழிந்துவிட்டு, மீண்டும் போய் அமர்ந்தான். தட்டை நான் மிச்சமின்றி உண்டேன். மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. மறு ஆண்டு அக்குடும்பம் வேறிடம் பெயர்ந்தது. பின்பு அவனை நான் காணவேயில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த மாணவன் எந்த ஊரிலிருந்து வந்தாலும், அவன் வீட்டில் என்ன சமைப்பார்கள், அதற்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லச் செய்வேன். இன்று நம் ஆலைப்பகுதிகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்கள் பிள்ளைகளும் உணவுப் பாத்திரத்தைத் திறக்கின்றனர். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பாத்திரம் திறக்கப்படுமாயின், சிரிக்குமுன் அதன் பெயரைக் கேளுங்கள்.